கப்பல் பட்டியலும் மூதாதையரும்: ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்கு

1

கப்பலில் ஏறிப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் என்றால் நமக்கு உடனே ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? கதை, கவிதை, சுயசரிதை என்றால் ஆயிரம் சந்தேகம் எழுப்புகிற விமர்சகர்கள்கூடப் பட்டியல் என்று வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டியலையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்க முடியுமா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் முயற்சி. அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறிக் கனடாவுக்குப் போனவர்களின் கதை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த மூதாதையரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சநஞ்சப் பேர் அல்ல. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கனடாவில் ஏறத்தாழ 44 லட்சம் பேர் தங்கள் பூர்வீகங்களில் ஒன்று ஸ்காட்லாந்து என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மொத்த ஜனத்தொகையே 2022 கணக்கில் சுமார் 54 லட்சம்தான். தேடுகிறவர்களுக்கென்று ஆவணக் காப்பகங்கள், எச்சிலைச் சோதித்து வம்சம் சொல்லும் கம்பெனிகள், சுற்றுலாத் திட்டங்கள் என்று எல்லாம் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டை ஸ்காட்லாந்து அரசே 'வீடு திரும்பும் ஆண்டு' என்று அறிவித்துக் கொண்டாடியது.

இது நமக்கெதற்கு என்று கேட்கலாம். யாருடைய மூதாதைக்கு ஆவணம் இருக்கிறது, யாருடைய மூதாதைக்கு இல்லை என்பது ஓர் அரசியல் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் விஷயத்தில் கிடைக்கும் பதில் மிகத் தெளிவானது. அதைப் புரிந்துகொண்டால் வேறு பல இடங்களுக்கும் அது வழிகாட்டும்.

2

கனடாவில் ஸ்காட்டிஷ் குடியேற்றத்தின் தொடக்கப் புராணம் 'ஹெக்டர்' என்ற கப்பல். கிரீனக் துறைமுகத்தில் சிலரை ஏற்றிக்கொண்டு, வடமேற்கு மலைநாட்டின் லாக் புரூமில் பெரும்பாலானவர்களை ஏற்றிக்கொண்டு, 1773 ஜூலையில் புறப்பட்டது. சுமார் 190 பேர். பழைய, உளுத்துப்போன கப்பல். நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே புயல் அதைப் பின்னுக்குத் தள்ளியது. அம்மையும் வயிற்றுக்கடுப்பும் வந்து 18 குழந்தைகள் வழியிலேயே இறந்தார்கள். செப்டம்பர் 15 அன்று நோவா ஸ்கோஷியாவின் பிக்டூ கரையில் கப்பல் நின்றது. ஆள்பிடிக்க வந்த ஏஜண்ட் சொன்ன விளைநிலம் அங்கே இல்லை. கடற்கரை வரைக்கும் காடு. விதைக்கும் பருவமும் முடிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு உணவு தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போனது. பலர் அந்தக் குளிர்காலத்திலேயே வேறு குடியிருப்புகளுக்குக் கூலிவேலைக்குப் போனார்கள்.

இன்று பிக்டூவில் ஹெக்டரின் மாதிரிக் கப்பல் ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் நீரில் இறக்கினார்கள். எங்கள் முன்னோர் ஹெக்டரில் வந்தவர்கள் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் ஒரு குலப்பெருமை. ஆனால் கப்பல் புறப்பட்டபோது எழுதப்பட்ட பட்டியல் எதுவும் நம்மிடம் இல்லை. இப்போது புழங்கும் பட்டியல்கள் பல பத்தாண்டுகள் கழித்து, ஞாபகத்திலிருந்து தொகுக்கப்பட்டவை. ஒன்றில் இருக்கும் பெயர் மற்றொன்றில் இல்லை. யார் ஊரில் நிலைத்தார்களோ, யாருக்குப் பிள்ளைகுட்டி பெருகியதோ அவர்கள் ஞாபகத்தில் தங்கினார்கள். வழியில் கடலில் இறக்கப்பட்ட குழந்தைகளின் பெயரை யார் ஞாபகம் வைத்துச் சொல்வது? ஆக, தொடக்கப் புராணத்தின் அடித்தளமாக இருக்கும் ஆவணமே வாய்மொழி மரபின் ஒரு பிந்திய பதிவு. இதைக் குறையென்று சொல்லவில்லை. ஆவணத்துக்கும் கதைக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் கோடு அவ்வளவு கெட்டியானதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

3

சரி, அரசாங்கம் ஏன் பட்டியல் எழுதவில்லை? எழுதியது. ஐந்து மாதம் பிந்தி எழுதத் தொடங்கியது. 1773 டிசம்பரில் பிரிட்டிஷ் நிதித்துறை சுங்க அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: கப்பலேறிப் போகிறவர்களின் பெயர், வயது, தொழில், ஊர், போகிற இடம், போவதற்கான காரணம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். 1775 வரை இது நடந்தது. அந்தப் பதிவேடு இன்றும் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஹெக்டர் ஜூலையில் போய்விட்டதால் அதில் வந்தவர்கள் இதில் இல்லை.

'காரணம்' என்ற அந்தக் கட்டம் அருமையான விஷயம். பதினெட்டாம் நூற்றாண்டு மலைநாட்டுக் குடியானவன் தன் வாயால் சொன்னதை அதிகாரி எழுதிக்கொள்கிறான்: குத்தகை ஏறிவிட்டது, மாட்டு விலை இறங்கிவிட்டது, மாடுகள் செத்துவிட்டன, ரொட்டிக்கு வழியில்லை. அடித்தள மக்கள் குரல் நேரடியாகக் கிடைக்கிற இடம் என்று பரவசப்படத் தோன்றும். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவன் யார்? நிலப்பிரபுக்கள் அலறியதால்தான் உத்தரவே பிறந்தது. உழைக்கிற கை, குத்தகை கொடுக்கிற கை, நாளைக்குப் பட்டாளத்தில் சேர வேண்டிய கை கடல் கடந்து போகிறதே என்ற பயம். ஏழையின் காரணத்தைக் கேட்டு அவனுக்கு நிவாரணம் தருவதற்காக அந்தக் கட்டம் போடப்படவில்லை. எப்படி நிறுத்துவது என்று யோசிப்பதற்காகப் போடப்பட்டது.

இதே பயம் முப்பது ஆண்டு கழித்து வேறு வேஷத்தில் வந்தது. 1803ஆம் ஆண்டின் பயணியர் கப்பல் சட்டம், கப்பலில் இத்தனை டன்னுக்கு இத்தனை ஆள்தான் ஏறலாம், இவ்வளவு உணவு கட்டாயம், மருத்துவர் வேண்டும் என்றது. படித்தால் மனிதாபிமானம் சொட்டும். ஆனால் அதற்காக முன்னின்று வாதாடிய மலைநாட்டுச் சங்கம் நிலப்பிரபுக்களின் சங்கம். சட்டத்தால் கப்பல் கூலி மளமளவென்று ஏறியது. கூலி ஏறினால் ஏழை ஏற முடியாது. மேற்குக் கரையிலும் தீவுகளிலும் அப்போது கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழில் கொழித்துக்கொண்டிருந்தது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் அந்தச் சாம்பல் வேண்டும். நெப்போலியன் போர்களால் வெளிநாட்டுச் சரக்கு தடைப்பட்டதில் விலை உச்சத்துக்குப் போனது. இடுப்பளவு குளிர்நீரில் நின்று பாசி அறுக்க ஆள் வேண்டும். அதனால் யாரும் போகக் கூடாது.

போர் முடிந்தது. 1820களில் சாம்பல் தொழில் படுத்தது. நேற்றுவரை போகாதே போகாதே என்ற பிரபு இன்று போய்த் தொலை என்றான். கப்பல் சட்டமும் 1827இல் எடுக்கப்பட்டு, மறுவருஷம் தளர்வான ஒன்று வந்தது. மனிதாபிமானம் என்ற சொல்லாடலின் ஏற்ற இறக்கம் கடற்பாசிச் சாம்பலின் விலையோடு ஒட்டிக்கொண்டு நடந்ததை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் இன்னொரு உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு.

4

பயத்தால் எழுதப்பட்டவை ஒரு வகை. பணத்துக்காக எழுதப்பட்டவை இன்னொரு வகை. தேடுகிறவர்களுக்கு அதிகம் கைகொடுப்பது இரண்டாவதுதான்.

1815இல் மேல் கனடாவுக்குக் குடியேறுகிறவர்களை அரசாங்கமே அனுப்பியது. வயது வந்த ஆண் ஒருவருக்கு 16 பவுண்டு வைப்புத்தொகை. நிலத்தில் ஊன்றி நின்றால் திரும்பக் கிடைக்கும். தொகையைத் திருப்பித் தர வேண்டுமென்றால் யார் கட்டினான் என்று தெரிய வேண்டும். ஆகவே பதிவேடு இருக்கிறது. 1820-21இல் கிளாஸ்கோவைச் சுற்றியிருந்த கைத்தறி நெசவாளர்கள், விசைத்தறியாலும் கூலிக்குறைப்பாலும் நொறுங்கி, சங்கம் சங்கமாகச் சேர்ந்து மனுப் போட்டுக் கப்பலேறினார்கள். 1820இல் அதே வட்டாரத்தில் எழுந்த தொழிலாளர் கிளர்ச்சி நசுக்கப்பட்டிருந்தது. நெசவாளர்களை அனுப்பிவைப்பது அரசுக்கும் வசதியாக இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஒண்டாரியோவின் லானார்க் பகுதியில் பாறை நிலம், கூடவே கடன். கடன் கொடுத்தவன் பெயரை எழுதாமல் விடுவானா? ஸ்காட்லாந்து என்றாலே மலைநாடு, கில்ட், பைப் இசை, ஆட்டுக்காகக் குடியானவனை விரட்டிய 'வெளியேற்றங்கள்' என்ற சித்திரத்துக்குள் இந்த நெசவாளர்கள் அடங்குவதில்லை. கனடா போனவர்களில் தாழ்நிலத்துக்காரர்கள் பெருந்தொகை. டி.எம். டிவைன் 2018இல் எழுதிய நூல், தாழ்நிலத்திலும் சத்தமில்லாமல் நடந்த வெளியேற்றங்களைக் கணக்கில் கொண்டுவந்தது. முந்திய கட்டத்தில் போன மலைநாட்டார்கூட விரட்டப்பட்டு மட்டும் போகவில்லை, பிரபுக்களின் விருப்பத்துக்கு எதிராகத் தாங்களே முடிவெடுத்துப் போனார்கள் என்று 1982இலேயே ஜே.எம். பம்ஸ்டட் வாதிட்டிருந்தார். கப்பல் கூலி கட்ட முடிந்தவன்தானே போக முடியும்?

பணத்துக்காக எழுதியவர்களில் தலைசிறந்தது ஹட்சன் விரிகுடாக் கம்பெனி. தோல் வியாபாரத்துக்கு அது ஆர்க்னித் தீவுகளின் ஸ்ட்ரோம்னஸ் துறையில் கப்பலை நிறுத்தி ஆள் எடுத்தது. 1800 வாக்கில் அதன் ஊழியர்களில் பெரும்பாலோர் ஆர்க்னிக்காரர்கள். சம்பளம், அபராதம், கடையில் வாங்கிய பொருள் எல்லாவற்றையும் ஆள்வாரியாக எழுதிவைத்தது. அந்தக் கணக்குகள் இன்று வின்னிபெக்கில், மானிடோபா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அதே கணக்கில் ஜான் ஃபப்பிஸ்டர் என்று ஒரு பெயர் வருகிறது. 1806இல் ஆர்க்னியிலிருந்து வந்த கூலி ஆள். மற்றவர்களோடு துடுப்புப் போட்டு, சுமை தூக்கி, ஆயிரக்கணக்கான மைல் உள்நாட்டுக்குப் போன ஆள். 1807 டிசம்பரில் பெம்பினாவிலிருந்த ஒரு வியாபாரக் கூடத்தில் அந்த ஆளுக்குப் பிரசவம் ஆனது. உண்மைப் பெயர் இசபெல் கன். அதற்குப் பிறகு கம்பெனி அவரைத் துணி வெளுக்கும் வேலைக்கு மாற்றியது. 1809இல் ஊருக்கு அனுப்பியது. 1861இல் ஸ்ட்ரோம்னஸில் இறந்தார். இந்தப் பெண் ஆவணத்தில் இருப்பதற்கு இரண்டு காரணம்: ஆண் பெயரில் சம்பளம் வாங்கியது, பிறகு விதியை மீறிப் பிள்ளை பெற்றது. அதிகாரத்தோடு மோதிய கணத்தில் மட்டுமே அற்ப மனிதர்கள் எழுத்தில் வெளிச்சம் பெறுகிறார்கள் என்று மிஷல் ஃபூக்கோ 1977இல் எழுதிய கட்டுரையில் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

இதோடு சேர்த்து இன்னொரு கப்பல் பட்டியலையும் சொல்லியாக வேண்டும். 1783இல் நியூயார்க்கை விட்டு பிரிட்டிஷ்காரர்கள் வெளியேறியபோது, தங்கள் பக்கம் வந்து சேர்ந்த கறுப்பின மக்களையும் கப்பலேற்றினார்கள். சுமார் 3,000 பேர். பெரும்பாலோர் நோவா ஸ்கோஷியாவுக்கு. அவர்கள் ஒவ்வொருவரின் பெயர், வயது, உடல்வாகு, பழைய எஜமானன் யார் என்பது வரை எழுதப்பட்ட பதிவேடு இருக்கிறது. ஹெக்டரில் வந்த வெள்ளைக் குடியானவனுக்கு இல்லாத பட்டியல் பத்தே வருஷத்தில் அடிமையாக இருந்தவனுக்கு எப்படிக் கிடைத்தது? அவன் சொத்து என்பதால். எங்கள் உடைமை போய்விட்டது, நஷ்டஈடு கொடு என்று அமெரிக்க எஜமானர்கள் கேட்பார்கள் என்பதால். எம்.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சோழர் காலக் கல்வெட்டு ஞாபகம் வரும். கோயிலுக்கு விற்கப்பட்டவர்கள், தங்களையே விற்றுக்கொண்டவர்கள் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. அதே ஊரில் உழுதவன் பெயர் இல்லை.

5

பட்டியல் இல்லாதவர்களிடம் வருவோம். இவர்கள்தான் அதிகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கியூபெக்கிலிருந்தும் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்தும் மரம் ஏற்றிய கப்பல்கள் கிளாஸ்கோவுக்கும் அபர்டீனுக்கும் வந்தன. இறக்கிவிட்டுத் திரும்பும்போது கப்பல் காலி. காலியாகப் போவதற்குப் பதில் மரம் இருந்த அடித்தளத்தில் பலகை அடித்துப் படுக்கை போட்டு மனிதர்களை ஏற்றினார்கள். கூலி குறைவாக இருந்ததன் ரகசியம் இதுதான்: வரும்போது மரம், போகும்போது மனிதன். ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை பயணம். சரக்குக்கு ரசீது உண்டு. மனிதச் சரக்குக்குத் தலைக்கணக்கு போதும். துறைமுகச் செய்தியில் கப்பலின் பெயர், மாலுமித் தலைவன் பெயர், 'குடியேறுவோர் இத்தனை பேர்' என்று வரும், அவ்வளவுதான். கியூபெக் துறைக்கு முறையான பயணியர் பட்டியல் 1865 முதல்தான் கிடைக்கிறது. பிரிட்டனிலிருந்து வெளியே போனவர்களின் பட்டியல் 1890இலிருந்துதான். அதற்கு முன் போனவனைக் கப்பலை வைத்துத் தேடுவது பெரும்பாலும் இருட்டில் துழாவுவது.

இந்தத் தலைக்கணக்கின் கொடுமையான உதாரணம் 1851. உருளைக்கிழங்குப் பஞ்சம் 1846இலிருந்தே தீவுகளை அரித்துக்கொண்டிருந்தது. பாரா, தென் யூயிஸ்ட் தீவுகளின் உடைமையாளர் குளுனியைச் சேர்ந்த கர்னல் ஜான் கார்டன். ஏறத்தாழ 1,700 பேரைக் கப்பலேற்றிக் கியூபெக்குக்கு அனுப்பினார். ஏற மறுத்தவர்களைத் துரத்திப் பிடித்து விலங்கு மாட்டி ஏற்றியதாக அக்காலச் சாட்சியங்கள் உண்டு. கியூபெக்குக்கு முன்னால் குரோஸ் ஈல் என்ற தீவில், 1832இல் காலராவுக்காகத் தொடங்கிய நோய்த்தடுப்பு நிலையம் இருந்தது. அங்கே 'அட்மிரல்' கப்பலைச் சோதித்த மருத்துவர் ஜார்ஜ் டக்ளஸ், உடம்பில் துணியில்லாமல் வந்தவர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். காலி ரொட்டிச் சாக்கையும் பழைய பாய்த்துணியையும் கிழித்துக் கப்பல் தலைவனின் மனைவி வழியெல்லாம் உடை தைத்துக் கொடுத்திருக்கிறார். சாக்கு உடுத்தி வந்தவர்களின் நிலை பதிவாகியிருக்கிறது. பெயர்கள் அந்த அறிக்கையில் இல்லை.

இதே கர்னல் கார்டனுக்கு டொபாகோ தீவில் அடிமைத் தோட்டங்கள் இருந்தன. 1830களில் பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது நஷ்டஈடு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். டொபாகோவில் அடிமைகளுக்கு அவர் பெயர் வாரியாகக் கணக்குக் கொடுத்தார். பாராவின் 'சுதந்திர'க் குடியானவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் யாரிடமும் இருக்கவில்லை. மலைநாட்டு எஸ்டேட்டுகள் பல அடிமை வியாபாரப் பணத்தில் கைமாறின என்பதை இப்போது ஆய்வாளர்கள் விரிவாக எழுதிவருகிறார்கள். வெளியேற்றத்தை ஸ்காட்டிஷ்காரர்களின் தனித் துயரமாக மட்டும் வாசிக்க இனி முடியாது.

6

கப்பல் கைவிட்ட இடத்தில் தேடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பின்னாலிருந்து தொடங்குகிறார்கள். கனடாவில் கல்லறைக் கல், சர்ச் பதிவேடு, நிலம் கேட்டுப் போட்ட மனு, பழைய செய்தித்தாளின் மரண அறிவிப்பு. குடிக்கணக்கில் பிறந்த இடம் 'ஸ்காட்லாந்து' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அது ஒன்றுக்கும் உதவாது. கல்லறைக் கல்லில் எந்தச் சர்ச் வட்டாரம் என்று வெட்டியிருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஏனென்றால் 1855 ஜனவரி 1இல்தான் ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் வட்டாரச் சர்ச்சுகளின் பதிவேடுகள். மிகப் பழையது 1553. தீவுகளிலும் மலைநாட்டிலும் பல வட்டாரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஒன்றுமே இல்லை. கத்தோலிக்கர் அதில் வரமாட்டார்கள். 1843இல் சர்ச் பிளந்தபின் பிரிந்து போனவர்களும் வரமாட்டார்கள். 1783இலிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். ஏழை பதியாமலே விட்டான். இன்றைக்கு 'இடைவெளி' என்று சொல்கிறோம். அது மூன்று பென்ஸ் இல்லாதவனின் இடம்.

பெயர் அடுத்த சிக்கல். மலைநாட்டில் பேசியது கேலிக் மொழி, எழுதியவனுக்கு ஆங்கிலம். காதில் விழுந்த கேலிக் பெயருக்கு எழுத்தர் பக்கத்தில் கிடைத்த ஓர் ஆங்கிலப் பெயரைப் போட்டார். டொர்மொட் என்பவர் நார்மன் ஆனார், கில்லஸ்பிக் என்பவர் ஆர்ச்சிபால்ட் ஆனார். ஒய்ரிக் என்ற பெண் ஓரிடத்தில் எஃபி, இன்னோரிடத்தில் யுஃபீமியா, மற்றோரிடத்தில் ஹென்ரியட்டா. மூன்று பெண்கள் என்று நினைத்துத் தேடினால் மூவரும் ஒருத்தி. மொழியின் மேலாண்மை என்று நாம் கட்டுரை எழுதுகிற விஷயம் இங்கே ஒரு மனுஷியை மூன்றாகக் கிழித்துப் போட்டிருக்கிறது.

ஜனங்கள் தங்களுக்குள் வைத்திருந்த முறை வேறு. 'டொனால்டின் மகன் இயன், அவன் மகன் அலஸ்டர்' என்று தகப்பன், பாட்டன், பூட்டன் வரிசையைச் சேர்த்துச் சொல்வதுதான் ஆளின் பெயர். கேப் பிரெட்டன் தீவில் கடலைத் தாண்டி வந்த ஆள் வரைக்கும் இந்த வரிசையை மூச்சுவிடாமல் சொல்லும் முதியவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். ஒரே வட்டாரத்தில் நூறு ஜான் மக்டொனால்டு இருக்கும்போது சர்ச் பதிவேடு திணறும்; இந்த வரிசை திணறாது. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர் என்று ஒரு வழக்கமும் உண்டு. தேடுகிறவர்களுக்கு இது நல்ல துப்பு. 'பேரன்' என்ற சொல்லே பெயரைத் தாங்கியவன் என்று பொருள்படுகிற மொழியில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண் விஷயத்தில் ஸ்காட்லாந்துப் பதிவேடு ஒரு நல்ல காரியம் செய்தது. மணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதும் வழக்கம் அங்கே இருந்தது. 1855க்குப் பின் மரணப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கட்டாயம் இருக்கும். கப்பலேறிக் கனடாவில் இறங்கியதும் அவள் 'திருமதி இன்னார்' ஆகிவிட்டாள். கடல் கடந்ததில் ஆண் ஊரை இழந்தான். பெண் பெயரையும் இழந்தாள்.

7

எழுத்தாளர்கள் இந்தத் தேடலை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஆலிஸ் மன்ரோவின் 'காஸில் ராக்கிலிருந்து ஒரு காட்சி' (2006) நல்ல உதாரணம். அவருடைய முன்னோர்களான லெய்ட்லா குடும்பம் எட்ரிக் பள்ளத்தாக்கிலிருந்து 1818இல் லீத் துறைமுகத்தில் கப்பலேறிக் கியூபெக் போனது. குடும்பத்தில் ஒருவர் கப்பலில் நாட்குறிப்பு எழுதியிருந்தார். மன்ரோ அந்தக் குறிப்பையும் கடிதங்களையும் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு, எங்கே ஆவணம் முடிகிறதோ அங்கே கதையை எழுதினார். அவை கதைகள்தான் என்று முன்னுரையில் சொல்லியும்விட்டார். தலைப்புக் கதையில் எடின்பரோக் கோட்டைப் பாறைமேல் நின்று தகப்பன் மகனுக்கு அமெரிக்காவைக் காட்டுகிறான். அவன் காட்டுவது எதிர்க்கரையில் இருக்கும் ஃபைஃப் பகுதி. மூதாதையைத் தேடிப் பின்னோக்கிப் பார்க்கும் பேத்தியின் பார்வைக்கும் இந்தச் சோதனை உண்டு என்பதை மன்ரோ அறிந்தே எழுதியிருக்கிறார்.

அதே லெய்ட்லா கிளையில் வந்தவர் கவிஞர் ஜேம்ஸ் ஹாக்கின் தாய் மார்கரெட். அவரிடம் கதைப்பாடல்களைக் கேட்டு வால்டர் ஸ்காட் அச்சிட்டபோது, பாடுவதற்கு இருந்ததைப் படிப்பதற்கு ஆக்கிக் கெடுத்துவிட்டீர்கள் என்ற பொருளில் அந்த அம்மாள் கண்டித்ததாக ஹாக் எழுதியிருக்கிறார். நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்துப் புத்தகம் போடும் நம்மவர்களும் அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான்.

இதற்கு நேரெதிர் முனையில் இருப்பது கட்டம்போட்ட துணி. இன்னின்ன குலத்துக்கு இன்னின்ன கட்டம் என்ற ஒழுங்கு தொன்மையானதல்ல, பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தயாரிப்பு என்பதை 1983இலேயே ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிவிட்டார். நோவா ஸ்கோஷியாவில் முதலமைச்சர் ஆங்கஸ் மக்டொனால்டு காலத்தில் மாகாணம் முழுவதையுமே ஸ்காட்டிஷ் அடையாளமாக்கிச் சுற்றுலாவுக்கு விற்றார்கள் என்பதை இயன் மக்கே விரிவாகக் காட்டியிருக்கிறார். சாக்கு உடுத்தி வந்தவர்களின் வாரிசுகளுக்குப் பட்டுக் கில்ட் விற்கும் இந்தக் கலாச்சாரத்தில் அவமானம் பெருமையாக மாற்றித் தரப்படுகிறது. இடையில் காணாமல் போவது, விரட்டியவன் யார் என்ற கேள்வி.

8

கடைசியாக ஒன்று. விரட்டப்பட்டவன் போய் இறங்கிய நிலம் யாருடையது? பிக்டூ மிக்மாக் மக்களின் நிலம். ஹெக்டரில் வந்தவர்கள் நிலப்பிரபுவிடம் இழந்ததை மிக்மாக்கிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். தனித்தனி மனிதரின் தீய எண்ணத்தால் இது நடந்ததென்று நான் சொல்லவில்லை. காலனிய எந்திரம் இழந்தவனையே பறிப்பவனாக்கி ஓட்டியது. கிளாஸ்கோவில் 1815இல் பிறந்து ஐந்து வயதில் கப்பலேறிய ஜான் ஏ. மக்டொனால்டு 1867இல் கனடாவின் முதல் பிரதமர். அவர் ஆட்சியில்தான் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் உறைவிடப் பள்ளிகள் அரசுக் கொள்கையாயின. 1885இல் சீனர்கள்மீது தலைவரி போடப்பட்டது. 1876இன் இந்தியர் சட்டம் பூர்வகுடி யார் என்று அரசே பதிவேடு போட்டுத் தீர்மானிக்க வைத்தது. வெளியாரை மணந்த பூர்வகுடிப் பெண் 1985 வரை பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டாள். அவளுக்கு மூதாதையைத் தேடுவது ஓய்வுநேர வேலையாக இருக்கவில்லை. உரிமை வழக்காக இருந்தது.

ஆர்க்னிக் கூலிகளும் க்ரீ இனப் பெண்களும் சேர்ந்து வாழ்ந்ததில் பிறந்தவர்கள் மெட்டிஸ் மக்களில் ஒரு பகுதியினர். 2003இல் கனடா உச்சநீதிமன்றம் பாவ்லி வழக்கில் மெட்டிஸ் வேட்டையுரிமையை ஏற்றபோது, பழைய மெட்டிஸ் சமூகத்தோடு மூதாதை வழித் தொடர்பைக் காட்ட வேண்டும் என்றது. ஆர்க்னி ஆளின் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்று கம்பெனி எழுதிய கணக்கு, இன்று அந்தத் தொடர்பை நிறுவ உதவும் சான்றுகளில் ஒன்று. எழுதியவனின் நோக்கத்தை மீறிப் பிரதி வேறொருவர் கையில் வேறு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இந்தச் சங்கிலியில் நம் ஜனங்களும் இருக்கிறார்கள். 1867இல் இலங்கையின் லூல்கந்துரவில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். தோட்டத் துரைமார்களில் அவர் நாட்டவர் ஏராளம். துரை எந்த ஆண்டு எந்த வட்டாரத்தில் பிறந்தார் என்று அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். மன்னார் வழியாக நடந்தே மலையேறிய தமிழ்க் கூலிக்குக் கங்காணியின் கடன் கணக்கும், கடனைச் சுமந்த 'துண்டு'ச் சீட்டும்தான் ஆவணம். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. காட்டக் காகிதம் இல்லாத சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அதே காமன்வெல்த்தில், பாட்டனோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்ததற்குச் சான்று வைத்திருக்கும் கனடாக்காரர் அங்கே போய் வேலை செய்ய இன்றும் தனி விசா வாங்கலாம். ஒருவருக்குப் பாட்டனின் காகிதம் கதவைத் திறக்கிறது. இன்னொருவரை அது இல்லாத குற்றத்துக்காகக் கதவுக்கு வெளியே தள்ளினார்கள்.

ஆகவே எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். இதை எழுத யாருக்கு அவசியம் வந்தது? ஒரு கட்டத்தை ஏன் போட்டான், இன்னொன்றை ஏன் போடவில்லை? இதில் வராதவர்கள் தங்கள் பெயரை வேறெந்த வடிவத்தில் வைத்திருந்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் காப்பகத்தில் கிடைக்காது. கேப் பிரெட்டன் கிழவர்கள் ஒப்பித்த வரிசை போல, நம் மலையகத்து லயங்களிலும் கீழத்தஞ்சைச் சேரிகளிலும் யாரோ ஒரு பாட்டி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்கிற ஆள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.